திருப்பிப் பார்க்காத தாள்

வாசிக்கத் தெரிந்தவள் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. நடந்ததைச் சொல்வதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் ஏதோ கைதவறி நடந்துபோன மாதிரி ஆகிவிடும்.

நுவரெலியாவிலிருந்து வலப்பனைப் பக்கம் இறங்கும் பாதையில், ஒரு பழைய கூட்டுறவுக் கடையின் மாடியில் எங்கள் வானொலி இருந்தது. பெரிய வானொலி இல்லை. எதிர்மலைக்குக் கேட்கும், அடுத்த பள்ளத்தாக்கில் பாதிக்குக் கேட்கும், அதற்கப்பால் வெறும் இரைச்சல். நாள் முழுக்கச் சிங்களம். தமிழுக்குக் காலையில் ஒரு மணி நேரம், மதியம் அரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம். அந்த நேரத்துக்கு அறிவிப்பாளர் நான்தான், பாட்டுப் போடுகிறவளும் நான்தான், போன் எடுக்கிறவளும் நான்தான். அதற்கு முன் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் மைக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்த பிறகும் சனங்களுக்கு நான் டீச்சர்தான்.

கொழும்பு வானொலிகள் சொல்லாததை நாங்கள் சொன்னோம். எந்தத் தோட்டத்து ரோட்டில் மண் சரிந்திருக்கிறது, எந்த பஸ் இன்றைக்கு ஓடாது, எந்த ஆஸ்பத்திரிக்குக் கண் டாக்டர் வருகிறார், யாருடைய அடையாள அட்டை எந்தக் கடையில் கிடக்கிறது. காணாமல்போன ஒரு பசு மாட்டை நெற்றிச் சுட்டியும் ஒடிந்த கொம்பும் சொல்லி அறிவித்தேன், பத்து மணிக்கு முன் அது வீடு வந்து சேர்ந்தது. மழைக்காலத்தில் மலை வெடிப்பு விட்டிருக்கிறது என்று மாவட்ட அலுவலகமான கச்சேரியிலிருந்து தகவல் வந்தால், பிரிவு இலக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்தமாட்டேன். எந்த லயத்து வீட்டு வரிசை, எந்தக் கோயிலுக்கு மேலே என்று விசாரித்து, லயத்து ஆளுக்கு விளங்குகிற மாதிரி சொல்வேன். சனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். நல்ல வேலைதான் செய்தோம். அதை இல்லையென்று எங்கேயும் சொல்லமாட்டேன்.

ஆனால் எங்கள் சனங்கள் காலையில் ரேடியோவைத் திறந்தது பெரும்பாலும் சாவுச் செய்தி கேட்கத்தான். ஆறேகாலுக்கு மரண அறிவித்தல். பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் அதைக் கேட்டுவிட வேண்டும். பெரட்டுக் களத்தில் கணக்குப்பிள்ளை பேர் கூப்பிடுவார், கூப்பிட்டதும் "இருக்கேங்க" என்று குரல் கொடுக்கவேண்டும், கொடுக்காவிட்டால் அன்றைக்கு ஆள் இல்லையென்று கோடு விழும். கேதத்துக்குப் போகிறவர்கள் அங்கேயே அவரிடம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். மதியம் பன்னிரண்டரைக்கு அதே அறிவித்தலை மறுபடி போடுவோம், காலையில் தவறவிட்டவர்களுக்காக.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. யாராவது செத்த ஐந்தாவது நிமிடத்தில் கட்டார் வரைக்கும் செய்தி போய்விடுகிறது. ஆனாலும் எங்கள் பக்கம் போனில் சொன்னால் சொன்னதாக ஆகாது. "போன்ல தகவல் சொன்னீங்க, சரி. ரேடியோவுல எங்க பேரு வந்துச்சா?" என்று முகத்துக்கு நேரே கேட்கிற சம்பந்திகளை நான் பார்த்திருக்கிறேன். பேர்தான் விஷயம். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மாமனாரும் என்று போகிற அந்த வரிசையில் பேர் இருந்தால் அந்த வீட்டு ஆள். இல்லாவிட்டால் இல்லை. ஒருதடவை மூன்றாவது மருமகன் பேர் விடுபட்டுப்போய், அந்த மனுசன் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு எழும்பமாட்டேன் என்றுவிட்டார். மதியம் அவர் பேரை முதலில் வாசித்த பிறகுதான் வெற்றிலை போட்டார்.

எனக்கு இதெல்லாம் எரிச்சல். செத்தவர் ஒரு மனுசன், அவருக்கு ஒரு நிமிடம், அதில் ஐம்பது பேர் ஏறி நிற்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பேன். என்னிடம் ஒரு சிவப்புப் பேனா இருந்தது. கொண்டுவருகிற தாளில் முக்கியமானவர்களை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கோடு போட்டு அடித்து, "மற்றும் பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். தேயிலையை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடும் கவ்வாத்து வேலையைச் சொல்லி, நிலையத்தில் என்னைக் கவ்வாத்துக்காரி என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. சிங்களப் பகுதியில் மரண அறிவித்தல் ஓடிக்கொண்டே இருக்கும், செய்தி பிந்தும். என்னுடையது நேரத்துக்கு முடியும். பொறுப்பாளர் மாத்தயா கூட்டத்தில் இதைச் சொல்லி என்னைப் பாராட்டியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நேயர் விருப்பம். அதற்கு ஒவ்வொரு வாரமும் ஒரு பெண் போன் பண்ணுவாள். "பேரு வேணாங்கக்கா, ஊரும் வேணாம். அப்பாவுக்கு ஒரு பாட்டு போடுங்க" என்பாள். எப்போதும் ஒரே மாதிரிதான் கேட்பாள், பழைய சாமிப் பாட்டு. குரலைக் கேட்டால் தோட்டத்துப் பெண், பின்னால் கேட்கிற சத்தமெல்லாம் சிங்களம். பேர் சொல்லாதவர்களை நான் சாதாரணமாக உள்ளே எடுப்பதில்லை. இவள் சுருக்கமாகப் பேசுவாள், அழமாட்டாள், நேரத்தை இழுக்கமாட்டாள், அதனால் எடுத்தேன். நான்கு வருடம் இருக்கும். அவளுடைய நம்பர் எங்கள் போனில் "அப்பாவுக்குப் பாட்டு" என்று பதிந்து கிடந்தது.

அதே காலத்தில் ஒரு பெரியவரும் வந்துபோனார். கவ்வாத்து வெட்டி ஓய்ந்தவர், கை இரண்டும் அதற்குச் சாட்சி. மாதத்துக்கு ஒருதடவை பிரஷர் மாத்திரை எடுக்க கிளினிக்குக்கு வருவார். வந்தால் பஸ் வரும்வரை எங்கள் நிலையத்து மர வாங்கில் உட்கார்ந்திருப்பார். நான் தாத்தா என்று கூப்பிடுவேன், அவர் டீச்சரம்மா என்பார். அவ்வளவுதான் பழக்கம். ஒருநாள், "ஞாயித்துக்கெழம அப்பாவுக்குப் பாட்டு கேக்குற புள்ளைக்கு சளி புடிச்சிருக்கு போல. கொரலு கட்டியிருந்துச்சு" என்றார்.

"எனக்கு ஒன்னும் தெரியலையே தாத்தா."

"இருந்துச்சு. கொத்தமல்லி போட்டுக் குடிக்கச் சொல்லுங்க."

நான் சிரித்தேன். கிழவருக்குப் பொழுது போகவில்லை, ரேடியோக்காரர்களையெல்லாம் சொந்தமாக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அப்படி நிறையப் பேர் உண்டு. இன்னொரு மாதம் வந்தபோது, "அந்தப் புள்ள பேசுறப்ப பின்னாடி கொழந்த அழுதுச்சு. ஆம்பளப்புள்ளையா பொம்பளப்புள்ளையான்னு ஒருக்கா கேளுங்களேன்" என்றார். நிகழ்ச்சியில் சொந்தக் கேள்வியெல்லாம் கேட்க முடியாது தாத்தா, சட்டம் இருக்கிறது என்றேன். எந்தச் சட்டமும் இல்லை. எனக்கு அன்றைக்கு வேலை அதிகம், அவ்வளவுதான். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கும் எட்டு மாதம் கழித்துத்தான் அந்தப் பெண், மகளுக்கு முதலாவது பிறந்தநாள் என்று பிள்ளையின் பேரைச் சொல்லிப் பாட்டுக் கேட்டாள். அடுத்த கிளினிக் நாளில் பெரியவர் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். எதற்கு என்று கேட்டேன், சும்மாதான் என்றார்.

அவர் பேரை நான் கேட்டதில்லை. நாளுக்கு நூறு பேர் வாசிக்கிறவள், எதிரே உட்கார்ந்திருந்த மனுசனின் பேரைக் கேட்கவில்லை.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை, ஆறு மணிக்கே ஒருவர் படியேறி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், தலையில் பொலித்தீன் பை, சட்டையெல்லாம் ஈரம். அப்பா நேற்றுப் பின்னேரம் இறந்துவிட்டார், இன்றைக்கு மூன்று மணிக்கு எடுக்கிறோம் என்றார். சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துத் தந்தார், பிள்ளைகளின் கொப்பியில் கிழித்த தாள்.

"ஒரு பேரும் விடாம வாசிச்சிருங்க டீச்சர்" என்றார்.

"எல்லாம் எனக்குத் தெரியும். நீங்க போங்க, வீட்டுல வேலை கெடக்கும்" என்றேன்.

அவர் உடனே போகவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு தாளைப் பார்த்தார், பிறகு படியைப் பார்த்தார். எனக்கு அன்றைக்கு மூன்று சாவு, இரண்டு மண்சரிவு, ஒரு பாதை மூடல். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போய்விட்டார்.

தாளின் தலைப்பில் இறந்தவரின் பேரும் நேரமும் இடமும் இருந்தன. அதற்குக் கீழே பிள்ளைகள், மருமக்கள், பிறகு பேரப்பிள்ளைகள், அவர்கள் மட்டும் பதினேழு பேர். பேரப்பிள்ளைகள் தொடங்கிய இடத்தில் கோட்டை ஆரம்பித்து, தாளின் அடிவரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தேன். பக்கத்தில் என் வழக்கமான வரியை எழுதினேன். தாளைப் பிடித்திருந்த விரலுக்குப் பின்பக்கம் ஏதோ அழுத்தி எழுதியிருப்பது தட்டுப்பட்டது. அது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. கொப்பித்தாள்தானே, பின்னால் பிள்ளைகளின் கணக்கு இருக்கும் என்று நினைத்தேன். சனங்கள் அப்படித்தான் கொண்டுவருவார்கள், ஒருபக்கம் சாவு, மறுபக்கம் வாய்ப்பாடு.

வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன். ஒரு நிமிடத்துக்கு இரண்டு செக்கன் குறைவாக முடித்தேன். மதியத்துக்கு அதையே பதிந்து வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கு அந்தப் பெண்ணின் நம்பரிலிருந்து போன் வந்தது. அப்பாவுக்கு எந்தப் பாட்டு என்று நானே முந்திக் கேட்டேன்.

"பாட்டு வேணாங்கக்கா. இனிமே கேக்க மாட்டேன், அதச் சொல்லத்தான் எடுத்தேன். அப்பா செத்துட்டாரு."

ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிய இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. எப்போது என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை, புதன்கிழமை காலையில நீங்கதான வாசிச்சீங்க என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள். இத்தனை வருடத்தில் அவள் நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

சிங்களக் கிராமத்துப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போனவள் அவள். அன்றையிலிருந்து வீட்டில் யாரும் பேச்சில்லை. அவளுடைய அம்மா இறந்தபோது, வரிசையில் அவள் பேர் வரவில்லை. இருந்தாலும் போயிருக்கிறாள். லயத்து வாசலில் வைத்தே அண்ணன் மறித்துவிட்டார். ஒன் பேர ரேடியோவுல யாரும் வாசிக்கலையே, எந்த ஒறவுல வந்த என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிட்டாள்.

"இந்தத் தடவ காலையில அப்பா பேரு கேட்டுச்சு, தோட்டம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் புள்ள அழுதுச்சு, மத்தது ஒன்னும் கேக்கல. பேரு இருந்தாலும் இருக்கும்னு கெளம்பிட்டேங்கக்கா. ரெண்டு பஸ்ஸு மாறி, தோட்டத்து ரோட்டு பிரியுற சந்தி இருக்குல்ல, அங்க வந்து எறங்கிட்டேன். தப்பு அடிக்கிற சத்தம் கேக்குது. ஆனா அம்மாவுக்கு நடந்த மாதிரி ஆயிடுமேன்னு பயம். பன்னண்டரைக்கு மறுபடி போடுவீங்கல்ல, அத கேட்டுட்டு போவோம்னு சந்திக் கடையில நின்னேன். கடைக்கார நானா ரேடியோ சத்தத்தக் கூட்டி வச்சாரு. அண்ணன் பேரு, அக்கா பேரு, மச்சான் பேரு எல்லாம் வந்துச்சு. என் பேரு வரல. அப்பா கடைசி வரைக்கும் மனசு மாறலன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அடுத்த பஸ்ஸுல வந்துட்டேன்."

ஆழ்ந்த அனுதாபங்கள் என்று சொன்னேன். இதைவிட வெட்கப்பட வேண்டிய வார்த்தையை நான் வாழ்நாளில் சொன்னதில்லை. அவள், சரிங்கக்கா என்று வைத்துவிட்டாள்.

அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பேர் எழுதிக் கொடுக்காதது வீட்டுக்காரர்கள், பாவம் அந்தப் பெண், என்ன மனுசர்கள் என்று வயிறெரிந்தேன். அந்த அண்ணனை நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்ற கோபத்தில்தான் பைலைத் திறந்து, புதன்கிழமைத் தாள்களில் அவள் சொன்ன தோட்டத்துத் தாளைத் தேடி எடுத்தேன். அடியில், என் சிவப்புக் கோட்டுக்குக் கீழே, "பின்னால் பார்க்கவும்" என்று எழுதியிருந்தது. கோடு அதன் மேலேயே போயிருந்தது.

திருப்பினேன். கணக்கும் இல்லை, வாய்ப்பாடும் இல்லை. முன்பக்கத்துக் கையெழுத்தும் இல்லை. நடுங்கிய பெரிய எழுத்தில், பேனாவை ஊன்றி ஊன்றி, அன்பு மகள் என்று போட்டு ஒரு பேர். அதற்குக் கீழே ஒரு சிங்களப் பேர், மருமகன் என்று. அதற்கும் கீழே ஒரு குழந்தையின் பேர். முதலாவது பிறந்தநாளுக்கு நானே ரேடியோவில் வாசித்த பேர். கடைசியில் ஒரு கிராமத்தின் பேர்.

அந்தப் பேர்களையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிந்து, ரேடியோவில் வெறும் நிசப்தம் போய்க்கொண்டிருந்தது. கீழேயிருந்து பொறுப்பாளர் ஓடிவந்து அடுத்த பாட்டைப் போட்டார்.

அந்த நம்பருக்கு எடுத்தேன். அன்றைக்கும் எடுத்தேன், மறுநாளும் எடுத்தேன். போன் அணைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அண்ணன்காரர் லயத்து வாசலில் நின்றார், தலை மழித்திருந்தது. உள்ளே வரச் சொன்னார். சுவரில் மாலை போட்ட படம். படத்தில், எங்கள் வாங்கில் வந்து உட்கார்ந்திருந்த என் பிரஷர் மாத்திரைத் தாத்தா.

நான் தாளை நீட்டினேன். பின்பக்கம் பார்க்காமல் விட்டுவிட்டேன், என் பிழைதான் என்றேன். சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன், பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அது பின்பக்கம் இல்லீங்க டீச்சர். அதுதான் முன்பக்கம். அப்பா எழுதினது. தங்கச்சி பேர வாயால சொல்லமாட்டேன்னு கோயில்ல சூடம் அடிச்சு சத்தியம் பண்ணிட்டாரு. செத்தாலும் சத்தியத்த மீறமாட்டாரு, அவரு அப்படித்தான். படுத்த பொறகு பேனா கேட்டாரு. எழுதிக் குடுத்துட்டு, நான் சொல்லல, ரேடியோ சொல்லட்டும், அப்ப வரும்னாரு. அந்தத் தாள்லயே திருப்பிப்போட்டு நான் மத்த பேரெல்லாம் எழுதினேன்."

"நீங்க எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

"சொல்லத்தான் நின்னேன். வெக்கமா இருந்துச்சு. அம்மா கேதத்துல அத வெரட்டினது நான்தான்." தாளை என்னிடமே திருப்பித் தந்தார். "மூனு மணிக்கு எடுக்க வேண்டியத நாலரை வரைக்கும் வச்சிருந்தோம். மழ வேற. பெட்டிய மூடாம ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னேன். கருமாதிக்காவது அத வரச் சொல்லுங்க."

அவருக்கும் பங்கு இருக்கிறது என்று யாராவது எனக்கு ஆறுதல் சொல்லலாம். நானும் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒட்டவில்லை. அவர் ஒரு பேரும் விடாமல் என்று சொன்னார். வெட்கத்தோடு சொன்னார், ஆனால் சொன்னார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

அடுத்த நாள் அந்தக் கிராமத்துக்குப் போனேன். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் எதிர்மலையில் தெரிகிற கிராமம்தான். கண்ணுக்குக் கிட்ட, பஸ்ஸில் அரைநாள். வயல் வரப்பில் வழி விசாரித்தேன். ரேடியோவில் பேசுகிற தமிழ் மிஸ் என்று என்னை அடையாளம் கண்டு, ஒரு சிங்கள அம்மா வீடுவரைக்கும் கொண்டுவந்து விட்டார். புருஷன்காரர் லீக்ஸ் பாத்தியில் நின்றவர், கையைக் கழுவிக்கொண்டு வந்து கதிரையைத் துடைத்துப் போட்டு "வாடிவென்ன மிஸ்" என்று உட்காரச் சொன்னார். அவள் குசினியிலிருந்து வந்தாள். நான் நினைத்ததைவிட சின்னப் பெண். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, பாட்டு கேக்குறத நிறுத்தினதுக்கா வந்தீங்கக்கா, மறுபடி கேக்கச் சொல்லியா என்றாள்.

சொன்னேன். சுற்றிவளைக்காமல் சொல்லவேண்டும் என்று பஸ்ஸில் பழகிக்கொண்டு போயிருந்தேன், அப்படியே சொன்னேன். உங்கள் அப்பா உங்கள் பேரை எழுதியிருந்தார், நான் வாசிக்காமல் விட்டேன். மாதம் தவறாமல் எங்கள் வாங்கில் வந்து உட்கார்ந்திருந்தார், உங்களுக்குச் சளி பிடித்ததைக்கூடக் குரலிலேயே கண்டுபிடித்தார், கொத்தமல்லி குடிக்கச் சொன்னார், நான் அதையும் உங்களுக்குச் சொல்லவில்லை. பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்கச் சொன்னார், கேட்கவில்லை. பேர் கிடைத்த சந்தோசத்தில் எனக்கு வாழைப்பழம் கொண்டுவந்தார், நான் தின்றேன்.

அவள் அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். புருஷன்காரருக்கு என்ன நடந்தது என்று விளங்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். நான் சிங்களத்தில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த வேலையை அவளுக்கே விடுவதுதான் சரி என்று பட்டது.

அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சந்தியில நின்னேங்கக்கா. நடந்து போற தூரம். தப்புச் சத்தம் கேட்டுச்சு" என்றாள். முன்பே சொன்னதுதான். மறுபடியும் சொன்னாள்.  மன்னித்துவிடு என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்கவில்லை. மன்னித்தேன் என்று அவள் சொல்லிவிட்டாலும் அப்பாவின் முகத்தை அவள் இனிப் பார்க்கப்போவதில்லை. மண்ணுக்குள் போனது போனதுதான்.

கருமாதிக்கு அறிவித்தல் போடும்போது உன் பேரை முதலில் வாசிக்கிறேன் என்றேன். அண்ணனும் வரச் சொன்னார் என்றேன். அவள் தாளைக் கேட்டாள். வருகிற தாள்கள் பைலில்தான் இருக்கவேண்டும் என்பது நிலையத்தில் உண்மையாகவே உள்ள சட்டம். கொடுத்தேன். வாங்கி அப்பாவின் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"ஒருக்கா வாசிங்கக்கா."

"இப்பவா?"

"ரேடியோவுல வாசிக்கிற மாதிரியே. மொதல்லருந்து. ஒன்னும் விடாம."

புருஷன்காரர் மூலையில் பாடிக்கொண்டிருந்த சிறிய ரேடியோவை அணைத்தார். எங்கள் நிலையம்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் எழும்பி நின்றேன், ஏன் என்று தெரியவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு தொடங்கினேன். அன்னாரின் பேர், தோட்டம், பிரிவு, காலஞ்சென்ற மனைவி, மூத்த மகன், மற்றப் பிள்ளைகள், மருமக்கள். சிவப்புக் கோட்டுக்குள் அகப்பட்டிருந்த பதினேழு பேரையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். மொத்தமாக அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. இந்த அரை நிமிடத்துக்காகத்தான் அத்தனை வருடம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னால் பார்க்கவும் என்பதையும் வாசித்துவிட்டு, தாளைத் திருப்பினேன். அன்பு மகள் என்று சொல்லி அவள் பேரை வாசித்தேன்.

"இருக்கேங்க" என்றாள்.

பெரட்டுக் களத்தில் சொல்கிற அதே சொல், அதே குரல். எனக்கு அதற்குமேல் எழுத்துத் தெரியவில்லை. அவள் வந்து என் கையிலிருந்து தாளை வாங்கி, புருஷன் பேரையும் பிள்ளையின் பேரையும் தானே வாசித்து முடித்தாள்.